டேப்லெட்டில் வரும் தையல் பாடம்: திருப்பூர் தொழிலாளிக்கு அதனால் என்ன கிடைக்கும்?

'ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர் உடனடியாகத் தேவை. செக்கிங், கைமடி ஆட்கள் தேவை. தங்கும் இடம் உண்டு.' திருப்பூரின் பனியன் கம்பெனி வாசல்களில் இப்படிப்பட்ட போர்டுகள் தொங்குவது புதிதல்ல. பல இடங்களில் இதே வாசகம் இந்தியிலும் எழுதியிருக்கும். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. ஆர்டர் ஏறினாலும் இறங்கினாலும் 'வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கல' என்ற புகார் மட்டும் மாறுவதில்லை.

அந்தப் புகாருக்கு இப்போது சொல்லப்படும் பதில்களில் முக்கியமானது டிஜிட்டல் பயிற்சி. செல்போனில் வீடியோ பாடம், டேப்லெட்டில் கேள்வி-பதில், கணினியில் முப்பரிமாண வடிவமைப்பு, பயோமெட்ரிக் வருகைப் பதிவோடு நடக்கும் அரசுப் பயிற்சி மையம் என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு வந்ததுபோல, கம்பெனிக்குள்ளும் திரை வந்துகொண்டிருக்கிறது.

தொழில்நுட்பம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடுவதில் பயனில்லை. அது வந்துவிட்டது. யாருடைய நேரத்தில் இந்தப் பயிற்சி நடக்கிறது, கற்றுக்கொண்ட பிறகு யாருக்கு வருமானம் கூடுகிறது, கற்றதற்கான அத்தாட்சி யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். அவற்றுக்குப் பதில் இல்லாமல் டேப்லெட் வாங்கிக் கொடுப்பது, ஊசி இல்லாத மெஷினுக்கு நூல் கோர்ப்பது போலத்தான்.

திருப்பூர் இதுவரை எப்படிக் கற்றுக்கொண்டது?

திருப்பூரில் தையல் வேலை பெரும்பாலும் வகுப்பறையில் கற்ற வேலை அல்ல. புதிதாகச் சேருபவர் கைமடியாகச் சேருவார். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடித்து அடுக்குவது, நூல் வெட்டுவது அவருடைய வேலை. மதிய உணவு நேரத்திலும், மெஷின் சும்மா இருக்கும் நேரத்திலும் கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பார். 'பக்கத்துல நின்னு பாத்துக்க அம்மிணி' என்பதுதான் பாடத்திட்டம். சில மாதங்களில் கைமடி டெய்லராவார். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர் கான்ட்ராக்ட் எடுப்பார், அதில் சிலர் நாலு மெஷின் போட்டு பவர் டேபிள் தொடங்குவார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பாதையைத்தான் விரிவாகப் பதிவு செய்தது. தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னதை அவர் ஆராய்ந்தார். அந்த ஏணி எல்லோருக்கும் ஒரே மாதிரி எட்டவில்லை என்பதும் அந்த நூலின் பகுதி. சாதி, நில உடைமை, பாலினம் மூன்றும் யார் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைத் தீர்மானித்தன.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் திருப்பூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் களப்பணி செய்தவர்கள். வேலைக்கு முன் பயிற்சியா, வேலைக்குள் பயிற்சியா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுதிய கட்டுரை இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். திருப்பூர்த் தொழிலாளர்கள் திறனைப் பெரும்பாலும் வேலைக்குள்தான், முறைசாரா வழியில்தான் பெறுகிறார்கள் என்பது அதன் சாரம். பயிற்சி மையத்தில் சான்றிதழ் வாங்கிவிட்டு வருவது இங்கே வேலைக்கான வாசலாக இருந்ததில்லை.

ஆக, டிஜிட்டல் பயிற்சி வெற்றிடத்துக்குள் வரவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கற்றல் முறைக்குள் வருகிறது. அதோடு ஒத்துப்போகிறதா, மோதுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன் இருக்கும்.

டிஜிட்டல் பயிற்சி என்றால் எதெல்லாம்?

ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் பேசப்படுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

முதலாவது, அரசுத் திட்டம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் 'சமர்த்' திட்டத்துக்கு 2017 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. 1,300 கோடி ரூபாய், 10 லட்சம் பேர் என்பது அப்போது வைத்த இலக்கு. பின்னர் 2026 மார்ச் வரை 495 கோடி ரூபாயில் மேலும் 3 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று நீட்டிக்கப்பட்டது. ஆதார் இணைந்த பயோமெட்ரிக் வருகைப் பதிவு, பயிற்சியின் சிசிடிவி பதிவு, கால் சென்டர், இணையவழிக் கண்காணிப்பு ஆகியவை இதன் சிறப்பம்சங்களாகச் சொல்லப்படுகின்றன. கவனித்துப் பார்த்தால் இவையெல்லாம் கண்காணிக்கும் தொழில்நுட்பம். போலிப் பயனாளிகள் பெயரில் பணம் போவதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் ஒருவர் பயிற்சிக்கு வந்தார் என்பதை அது நிரூபிக்கும், கற்றுக்கொண்டார் என்பதை நிரூபிக்காது.

மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வேறு வகை. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களின் திறனை வளர்ப்பது அதன் இலக்கு. கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கு இணையதளம் வழியாகப் பாடங்களைச் சேர்க்கிறது. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பயன்படும். பத்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்கு வந்தவரை எட்டுவது கடினம்.

இரண்டாவது, டிசைன் அறை. பேட்டன் மாஸ்டர் அட்டையில் வெட்டிய அளவுகள் கணினிக்குப் போய் வெகுநாளாகிறது. இப்போது சட்டையைத் தைக்காமலேயே திரையில் ஒரு உருவத்துக்கு மாட்டிக் காட்டும் முப்பரிமாண மென்பொருள்கள் வந்துவிட்டன. வெளிநாட்டு வாங்குவோருக்கு ஒவ்வொரு தடவையும் சாம்பிள் தைத்து அனுப்பும் செலவும் நாட்களும் இதனால் குறையும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் உருவாகி முதலிபாளையத்தில் இயங்கும் நிஃப்ட்-டீ கல்லூரி போன்ற இடங்களில் படித்து வருவோருக்கு இது நல்ல வேலைவாய்ப்பு. எண்ணிக்கையில் இவர்கள் குறைவு.

மூன்றாவது, தையல் தளம். லட்சக்கணக்கானவர்கள் இருப்பது இங்கேதான். தீ விபத்து நேர்ந்தால் எப்படி வெளியேறுவது, சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, பாலியல் தொல்லை நேர்ந்தால் யாரிடம் புகார் செய்வது போன்றவற்றைச் சிறு படங்களாகக் காட்டி, அதிலிருந்து கேள்வி கேட்கும் டேப்லெட் பயிற்சிகள் ஆயத்த ஆடை நாடுகளில் பரவுகின்றன. சுவீடனின் குவிஸ்ஆர் நிறுவனம் சீனா, வங்கதேசத் தொழிற்சாலைகளில் இப்படிப்பட்ட பயிற்சியைக் கொண்டுசென்றது. தையல் செய்முறையையும் இதேபோல வீடியோவாக எடுத்துப் புதியவர்களுக்குக் காட்டலாம்.

திரையால் எது முடியும், எது முடியாது?

பின்னல் துணி இழுபடும். அதுதான் அதன் குணம். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். ஓவர்லாக் மெஷினில் அதை விடும்போது கை இழுத்துவிட்டால் தையல் அலை அலையாக வரும். தளர்த்தினால் சுருக்கம் விழும். நூலை வெட்டாமல் விலக்கிக்கொண்டு இறங்கும் உருண்டை முனை ஊசி போட வேண்டும். தேய்ந்த ஊசியை மாற்றாமல் விட்டால் துணியில் ஓட்டை விழுந்து, செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும்.

இதில் எந்த ஊசி, எந்த நூல் வழி, எந்தத் தவறுக்கு எது காரணம் என்பதெல்லாம் வீடியோ நன்றாகவே சொல்லித் தரக்கூடிய விஷயங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நாலு தடவை கேட்டாலும் வீடியோ சலித்துக்கொள்ளாது. ஒடியாவிலோ இந்தியிலோ குரல் போட்டுவிட்டால், தமிழ் மட்டும் தெரிந்த சூப்பர்வைசரும் தமிழ் தெரியாத டெய்லரும் கையை ஆட்டிப் பேசிக்கொள்ளும் நிலை கொஞ்சம் குறையும். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து பெருமளவில் ஆள் வரும் ஊருக்கு இது சின்ன லாபமல்ல.

ஆனால் துணியை எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மெஷின் வேண்டும், கழிவுத் துணி வேண்டும், தப்பு செய்ய நேரம் வேண்டும், 'இப்படிப் பிடி' என்று கையைத் திருத்த பக்கத்தில் ஆள் வேண்டும். வேலை தெரிந்த டெய்லரின் நேரத்தை மிச்சப்படுத்தத் திரை உதவும். அவருடைய இடத்தைத் திரை பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

பள்ளிக்கூடம் ஏற்கெனவே சொன்ன பாடம்

இதற்கு ஊகம் தேவையில்லை. தமிழ்நாடு இதே பரிசோதனையைப் பள்ளிகளில் பெரிய அளவில் பார்த்துவிட்டது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடப் புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருந்தது, வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. வீடுகளில் போனும் கூடியது. தேசிய அளவிலான ஏசர் ஆய்வின்படி, ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 2018-ல் 36.5 சதவீதம், 2021-ல் 67.6 சதவீதம். ஆனால் வீட்டில் போன் இருந்தும் அதைத் தொட முடியாத பிள்ளைகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் அம்மா, அப்பாவோடு போனும் கிளம்பிவிடும் திருப்பூர் போன்ற ஊருக்கு இதன் பொருள் தனியாக விளக்க வேண்டியதில்லை.

விளைவு? ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-ல் 10.2 சதவீதம் இருந்தது, 2022-ல் 4.8 சதவீதமாக இறங்கியது.

மீண்டது எப்படி என்பதுதான் முக்கியம். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் பெண், மாலை நேரத்தில் தெருவுக்குள்ளேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

அப்படின்னா மென்பொருளால் பயனே இல்லையா? அதுவும் சரியல்ல. இதே கார்த்திக் முரளிதரன் குழு டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கற்றல் மென்பொருளை ஆராய்ந்தது. நாலரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். காரணம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கே தெரியாது என்றால், மென்பொருள் நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. அங்கேயும் மென்பொருள் நேரத்துக்கு இணையாக, சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கல்வியில் தொழில்நுட்பம் பற்றி 2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கண்காணிப்பு அறிக்கையும் இதையே வேறு வார்த்தையில் சொன்னது. மனிதர்களுக்கு இடையிலான கற்றலுக்குத் துணையாக இருந்தால் தொழில்நுட்பம் நல்லது, அதற்கு மாற்றாக வந்தால் நல்லதல்ல. பள்ளிக்குப் பொருந்துவது கம்பெனிக்கும் பொருந்தும்.

போன் யார் கையில் இருக்கிறது?

'எல்லார் கைலயும் போன் இருக்கே, அதுலயே பாடத்தை அனுப்பிட்டா போச்சு' என்பது எளிதாகத் தோன்றும் யோசனை. ஏசர் 2024 அறிக்கை அதை இரண்டு விதத்தில் கேள்விக்குள்ளாக்குகிறது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82.2 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பது பையன்களில் 36.2 சதவீதம், பெண்பிள்ளைகளில் 26.9 சதவீதம்.

இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனிக்கு வேலைக்கு வரப்போகிற வயது இது. போன் தெரிந்த தலைமுறை என்பது உண்மை. போனில் படிக்கத் தெரிந்த தலைமுறை என்று அதற்குப் பொருளில்லை. பெண்களுக்குப் போன் கிடைப்பது குறைவு என்பதும் அப்படியே தொடர்கிறது. நூற்பாலை விடுதிகளில் இளம்பெண்கள் போன் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருந்ததை 'சுமங்கலி திட்டம்' பற்றிய ஆய்வறிக்கைகள் பல முறை சுட்டிக்காட்டியுள்ளன. போனை வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதியில், போன் வழிப் பயிற்சி என்பது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

மறுபக்கம், விடுதியிலேயே படிப்பைக் கொண்டுவந்த முன்னுதாரணமும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. கே.பி.ஆர். மில் போன்ற நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பெண்கள் பட்டம் பெறுவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அங்கே பலன் தந்தது திரையைவிட, படிப்புக்கென்று ஒதுக்கிய நேரமும் இடமும்தான்.

கத்துக்கிட்டா சம்பளம் ஏறுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பெரும்பாலான பயிற்சித் திட்ட விளம்பரங்கள் பேசாத கேள்வியும் இதுதான்.

பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, சிக்கலைத் தீர்ப்பது போன்றவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் கூடியது. அவர்களுடைய சம்பளம் கூடியது எவ்வளவு தெரியுமா? அரை சதவீதம்.

அந்தப் பயிற்சி டிஜிட்டல் அல்ல, நேரடி வகுப்புதான். ஆனால் பயிற்சியின் பலன் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பயிற்சி வீண்செலவு என்று சொல்லும் முதலாளிக்கு இந்த ஆய்வு பதில் சொல்கிறது: அது லாபம் தரும் முதலீடு. பயிற்சி வந்தாலே வாழ்க்கை உயரும் என்று சொல்லும் அரசுக்கும் இது பதில் சொல்கிறது: தானாக உயராது.

திருப்பூரில் பீஸ் ரேட் இருப்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பீஸுக்கு 2 ரூபாய், மணிக்கு 40 பீஸ் அடிக்கும் டெய்லர் ஒருவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மெஷினை விட்டுவிட்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்தால் 80 ரூபாய் போச்சு. மாதத்துக்கு 320 ரூபாய். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகையும் மளிகையும் ஓடும் வீட்டில் இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றால் பயிற்சி இலவசம் அல்ல, தொழிலாளிதான் காசு கொடுத்துப் படிக்கிறார்.

'வீட்டுக்குப் போய் போன்ல பாத்துக்கோங்க' என்பதும் தீர்வல்ல. காலை 8.30-க்கு வந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30-க்கு மேல் வீடு திரும்புபவர், சமையல் முடித்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து, அதன் பிறகு ஊசி வகைகள் பற்றிய வீடியோவைப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பயிற்சி என்பது முதலாளியின் தயவு அல்ல. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்பு மற்றும் உடல்நலம் சார்ந்த தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்றே எழுதியது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டமும் விழிப்புணர்வுப் பயிற்சியை நிறுவனத்தின் கடமையாக்கியது. கடமையை நிறைவேற்றும் நேரம் வேலை நேரமாகத்தான் இருக்க முடியும்.

சொல்லிக்கொடுக்கும் கருவி, வேவு பார்க்கும் கருவியாகுமா?

தையல் லைனில் இப்போது பண்டிலுக்குப் பண்டில் ஸ்கேன் செய்யும் முறை பல இடங்களில் உண்டு. யார் எத்தனை பீஸ், எந்த நேரத்தில், எத்தனை தவறு என்பதெல்லாம் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய ஒழுங்குமுறையின்படி, ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கும் காலம் நெருங்குகிறது. நூல் எங்கிருந்து வந்தது, சாயம் எங்கே ஏறியது என்ற தகவல் சட்டையோடு பயணிக்க வேண்டும். அந்தத் தகவலைச் சரியாகப் பதிவு செய்யத் தளத்திலேயே ஆள் வேண்டும். ஆக, டிஜிட்டல் அறிவு இனி டிசைன் அறைக்கு மட்டுமானதல்ல.

ஆனால் பாடம் நடத்தும் அதே டேப்லெட் மதிப்பெண்ணை சூப்பர்வைசருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தப்பான பதில் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று நினைப்பவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பதில் கேட்டுத் தட்டிவிடுவார். புகார் செய்வது எப்படி என்று சொல்லித் தரும் பாடத்தில் இது இன்னும் மோசம். 2023-ம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த சில தேவைகளுக்குத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே தரவைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. எனவே பயிற்சித் தரவையும் உற்பத்தித் தரவையும் பிரித்து வைப்பதை நிறுவனமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனிதர் வழிப் பயிற்சி இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் ஓர் எடுத்துக்காட்டு. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் முன்னின்ற அந்த ஒப்பந்தத்தில், தளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, அத்துமீறல்களைக் கவனித்துப் பேசும் கண்காணிப்பாளர்களாக்கினார்கள். செயலியில் ஒரு பொத்தானை அழுத்துவதைவிட, பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்வது பலருக்கு எளிது.

என்ன செய்யலாம்?

* பயிற்சி நேரம் ஷிப்டுக்குள் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அவருடைய சராசரி வருமானத்தைக் கணக்கிட்டு அந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். திருப்பூரில் தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் பல ஆண்டுகளாகச் சம்பள ஒப்பந்தம் போட்டுவரும் வழக்கம் இருக்கிறது. அதில் பயிற்சி நேரத்துக்கும் ஒரு பிரிவு சேர்க்கலாம்.

* திறன் ஏறினால் கிரேடு ஏற வேண்டும். ஒரு மெஷின் மட்டும் தெரிந்தவருக்கும், ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் மூன்றும் ஓட்டுபவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை எழுதி வைக்க வேண்டும். அரசு மானியம் வாங்கும் நிறுவனங்களுக்கு இதை நிபந்தனையாக்கலாம்.

* சான்றிதழ் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். திருப்பூரில் ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள். பத்து வருடம் தைத்தவர் புதுக் கம்பெனியில் மறுபடியும் 'ஒரு பீஸ் தச்சுக் காட்டு' என்பதிலிருந்தே தொடங்குகிறார். அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் முறை மத்திய அரசின் கௌசல் விகாஸ் யோஜனாவில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பவர் டேபிள் வரை கொண்டுவர வேண்டும்.

* பவர் டேபிள், ஜாப் ஒர்க் யூனிட்டுகளை விட்டுவிடக் கூடாது. பத்து இருபது மெஷின் போட்டிருப்பவரால் பயிற்சி அறையோ டேப்லெட்டோ வைக்க முடியாது. பகுதிக்கு ஒரு பொதுப் பயிற்சிக் கூடம், அதில் மெஷின், கழிவுத் துணி, பல மொழி வீடியோ, ஒரு மூத்த டெய்லர் இருந்தால் பலர் பயன்பெறுவார்கள்.

* சொல்லிக்கொடுக்கும் மூத்த டெய்லருக்குப் பணம் கொடுக்க வேண்டும். இதுவரை திருப்பூரின் பயிற்சிச் செலவைச் சத்தமில்லாமல் சுமந்தவர் அவர்தான். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய பீஸ் குறைகிறது.

* பாடம் குரலில் இருக்க வேண்டும், எழுத்தில் மட்டும் அல்ல. தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் குறைந்தபட்சம். வீடியோவில் வரும் தமிழ் மேடைத் தமிழாக இல்லாமல், கம்பெனியில் பேசும் தமிழாக இருக்க வேண்டும். 'மடிப்புத் தையல் இயந்திரம்' என்றால் யாருக்கும் புரியாது, பிளாட்லாக் என்றால் எல்லோருக்கும் புரியும்.

நெருக்கடி நேரத்தில் இதைப் பேசலாமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. ஆர்டர் ஆட்டம் காணும்போது, பயிற்சிக்குச் செலவழிக்கச் சொல்வது பொருத்தமா என்ற கேள்வி எழலாம்.

எதிர்க் கேள்வியும் இருக்கிறது. விலைக் குறைப்பில் மட்டும் போட்டியிட்டால், எப்போதும் இன்னொரு நாடு இன்னும் குறைவாகத் தைத்துத் தரும். தவறு குறைவாக, சிக்கலான வடிவத்தை, சொன்ன தேதியில் தைத்துத் தரும் ஊராக இருந்தால்தான் வாங்குபவர் தேடி வருவார். அந்தத் திறன் மெஷினோடு பெட்டியில் வருவதில்லை. அது ஆட்களிடம் இருக்கிறது. அந்த ஆட்கள் நிலைக்க வேண்டுமென்றால், கற்றுக்கொண்டதற்குப் பலன் கிடைக்க வேண்டும்.

ஏற்றுமதிக் கணக்கில் கோடிகள் எழுதப்படுகின்றன. பயிற்சிக் கணக்கில் 'இத்தனை பேர் பயிற்சி பெற்றனர்' என்ற எண் எழுதப்படுகிறது. இனி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும்: பயிற்சிக்கு முன் வாரச் சம்பளம் எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு? சமர்த் திட்டத்தின் இணையதளமாக இருந்தாலும் சரி, கம்பெனியின் சொந்த டேப்லெட்டாக இருந்தாலும் சரி, இந்த ஒரு தகவலைச் சேகரிக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அந்தக் கட்டத்தில் எண் ஏறினால் டிஜிட்டல் பயிற்சி வெற்றி. ஏறவில்லை என்றால், திரை மட்டும்தான் புதுசு.